மாத்திரையா, ஐயூஐயா, ஐவிஎஃப்பா: எதை வைத்து முடிவெடுப்பது?

குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகள் பலருக்கும் ஒரே வரிசைதான் சொல்லப்படுகிறது. முதலில் முட்டை வளர மாத்திரை, பலிக்கவில்லை என்றால் ஊசி, அப்புறம் விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் விடும் ஐயூஐ, எதுவுமே ஆகவில்லை என்றால் கடைசியாக முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கும் ஐவிஎஃப். எளியதில் தொடங்கிப் பெரியதற்குப் போவது நியாயமாகத்தான் தெரிகிறது, பலருக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் இரண்டு கருக்குழாயும் அடைபட்ட பெண்ணுக்கு ஆறு மாதம் மாத்திரை கொடுத்து என்ன பயன்? 40 வயதில் ஐயூஐயை ஆறு முறை செய்து பார்த்தால் அதில் போகும் காலம் திரும்பி வராது. மறுபக்கம், 27 வயதில், மாதவிடாய் சீராக வராதது ஒன்றுதான் குறை என்றிருக்கும் பெண்ணை நேராக ஐவிஎஃபுக்கு அழைத்துப் போவதும் தேவையில்லாத சுமை. சிகிச்சை பெரியதா சிறியதா என்பதை விட்டுவிட்டு, தடை எங்கே இருக்கிறது, கையில் எவ்வளவு காலம் இருக்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் இவற்றை ஒப்பிட வேண்டும்.

காலம் என்று இங்கே சொல்வது பெரும்பாலும் பெண்ணின் வயதை. ஆணின் வயதும் ஓரளவு பாதிக்கும், ஆனால் கருமுட்டை அளவுக்கு இல்லை. 35க்குப் பிறகு முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைகின்றன. 40ஐத் தாண்டும்போது உருவாகும் கருக்களில் பாதிக்கும் மேல் குரோமோசோம் கோளாறுடன் இருக்கும். எந்தச் சிகிச்சையாலும் இதைத் திருப்ப முடியாது. கீழே வரும் ஒவ்வொரு எண்ணையும் இந்த உண்மையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

முதலில் இருவருக்கும் பரிசோதனை

35 வயதுக்குக் கீழே உள்ள பெண் என்றால் தடுப்புமுறை இல்லாமல் ஓராண்டு முயன்ற பிறகு, 35க்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்குப் பிறகு மருத்துவரைப் பார்ப்பது வழக்கம். 40ஐக் கடந்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம். மாதவிடாய் மாதக்கணக்கில் வராமல் இருப்பது, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), முன்பு எடுத்த புற்றுநோய் சிகிச்சை போன்றவை இருந்தாலும் அப்படியே.

பரிசோதனைகளில் மிக எளியது ஆணுக்கான விந்தணுப் பரிசோதனை. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கக் காரணமும் பங்கு வகிக்கிறது. அப்படியிருந்தும் பல வீடுகளில் பெண்ணுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குழாய் பரிசோதனை எல்லாம் முடிந்து, சில மாதம் மாத்திரையும் சாப்பிட்ட பிறகுதான் கணவரின் அறிக்கை வருகிறது. இது என்னை மிகவும் வருத்துகிற விஷயம். ஒரு நாளில் கிடைக்கக்கூடிய தகவலுக்காக ஒரு பெண்ணின் உடல் மாதக்கணக்கில் சோதனைக்கு உள்ளாகிறது.

அறிக்கை கைக்கு வந்ததும் பயப்படுகிறவர்களும் உண்டு. உலக சுகாதார அமைப்பின் 2021 கையேட்டில் கீழ் எல்லைகளாகத் தரப்பட்டுள்ள அளவுகள்: ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணுக்கள், அசைபவை 42 சதவீதம், இயல்பான வடிவம் உடையவை 4 சதவீதம். ஆம், நான்குதான். ‘96 சதவீதம் கோளாறு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துத் தூக்கம் தொலைக்க வேண்டாம். இந்த எண்களுக்குக் கீழே இருந்தால் குழந்தை பிறக்காது, மேலே இருந்தால் பிறந்துவிடும் என்று அர்த்தமும் இல்லை. ஒரு மாதிரி சரியில்லை என்றால் இன்னொன்று கொடுத்துப் பார்க்க வேண்டும். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகிறது, அதனால் கடுமையான காய்ச்சல் வந்துபோனாலும் அதன் பாதிப்பு சில வாரம் கழித்துத் தெரியும். உடற்பயிற்சிக் கூடங்களில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் ஆண்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். அதை நிறுத்துவதே சிலருக்கு முதல் சிகிச்சை.

பெண்ணுக்கு மூன்று கேள்விகள். முட்டை மாதாமாதம் வெளிவருகிறதா, குழாய்கள் திறந்திருக்கின்றனவா, கருப்பையின் உட்பகுதி நன்றாக இருக்கிறதா. ரத்தத்தில் தைராய்டு, புரோலாக்டின் அளவுகள், ஸ்கேன், குழாய்க்கு எச்எஸ்ஜி எக்ஸ்ரே ஆகியவை பெரும்பாலும் இவற்றுக்கு விடை தந்துவிடும். சினைப்பையில் சுரக்கும் ஏஎம்எச் ஹார்மோனின் ரத்தப் பரிசோதனை பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்பதை ஏஎம்எச் ஓரளவு சொல்லும். முட்டையின் தரத்தை அது சொல்லாது, இயல்பாகக் கருத்தரிக்க முடியுமா என்பதையும் சொல்லாது. ஏஎம்எச் குறைவு என்ற ஒரே காரணத்தால் இளம் வயதுப் பெண் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

காத்திருப்பதும் ஒரு தேர்வுதான்

ஆரோக்கியமான இளம் தம்பதிக்கும் ஒரு மாதத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு 20 முதல் 25 சதவீதம்தான். ஓராண்டில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவர்கள் கருத்தரிப்பார்கள், மீதமுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டாம் ஆண்டில். பரிசோதனைகளில் எதுவும் தெரியவில்லை, வயதும் முப்பதை ஒட்டித்தான் என்றால் இன்னும் ஆறு மாதம் இயல்பாக முயல்வது மருத்துவரீதியாகவே சரியான முடிவு. முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் வாய்ப்புள்ள காலம், அந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். புகைப்பதை இருவரும் நிறுத்துவதும், பெண் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுப்பதும் எந்த வழியில் போனாலும் தேவை. 37, 38 வயதில் இப்படிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

மாத்திரைகள்: முட்டை வராதவர்களுக்கு

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி என்று பொதுவாகச் சொல்லப்படும் ஹார்மோன் குறை) காரணமாக முட்டை சரியாக வெளிவராத பெண்களுக்கு மாத்திரைதான் முதல் வழி, அது நல்ல வழியும்கூட. இதில் குளோமிஃபீனா லெட்ரோசோலா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இருக்கிறது. 2014ல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஐந்து சுழற்சிகள் வரை கொடுத்தபோது லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. 2023ன் சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதலும் லெட்ரோசோலையே முதலில் வைக்கிறது. குளோமிஃபீன் சிலருக்குக் கருப்பையின் உட்சுவரை மெலிதாக்கிவிடும், லெட்ரோசோலில் அந்தச் சிக்கல் குறைவு.

லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தாக வந்தது. மருந்துச் சீட்டில் இதைப் படித்துவிட்டு நடுங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். மாதவிடாயின் தொடக்கத்தில் ஐந்து நாள் மட்டும் எடுக்கும் மருந்து இது, கரு உருவாகும் நேரத்தில் உடலை விட்டுப் பெரும்பாலும் வெளியேறியிருக்கும். குளோமிஃபீனோடு ஒப்பிட்டால் பிறவிக் குறைபாடுகள் கூடுவதாகத் தெரியவில்லை.

முதல் சுழற்சியிலாவது ஸ்கேன் செய்து முட்டை வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். வளரவில்லை என்றால் அளவைக் கூட்டலாம். முட்டை நன்றாக வளர்ந்து வெளிவந்தும் ஆறு சுழற்சிகளில் கருத்தரிக்கவில்லை என்றால் அதே மாத்திரையைத் தொடர்வதில் பலனில்லை, வேறு தடை இருக்கிறதா என்று தேட வேண்டும். மாதாமாதம் முட்டை இயல்பாகவே வரும் பெண்ணுக்கு வெறும் மாத்திரை கொடுத்து வீட்டில் முயலச் சொல்வதும் பெரிய உதவியில்லை. இது மிகப் பரவலாக நடக்கிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

மாத்திரைக்கு முட்டை வளராதவர்களுக்கு, முட்டை வளர்ச்சியைத் தூண்டும் எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன் ஊசிகள் உண்டு. வலுவானவை, அதே அளவுக்குக் கவனமும் கேட்பவை. குறைந்த அளவில் தொடங்கி அடிக்கடி ஸ்கேன் பார்க்காவிட்டால் மூன்று நான்கு முட்டைகள் ஒரே நேரத்தில் வளர்ந்து, மூன்று குழந்தைகள் வரை உண்டாகும் ஆபத்து இருக்கிறது. அப்படி வளர்ந்தால் அந்த மாதத்தை ரத்து செய்யும் மருத்துவர் உங்களுக்கு நன்மையே செய்கிறார்.

ஐயூஐ யாருக்குக் கைகொடுக்கும்?

விந்தைக் கழுவி, நன்றாக நீந்தும் விந்தணுக்களை மட்டும் பிரித்து, முட்டை வெளிவரும் நேரத்தில் மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுவதுதான் ஐயூஐ. சில நிமிட வேலை, மயக்கமருந்து தேவையில்லை. ஆனால் இதற்குக் குறைந்தது ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும். கழுவிய பிறகு ஐம்பது லட்சம் முதல் ஒரு கோடி வரையாவது அசையும் விந்தணுக்கள் கையில் இருந்தால்தான் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம். அதற்கும் மிகக் கீழே என்றால் வாய்ப்பு சட்டென்று குறைகிறது.

மாத்திரையோடு சேர்த்துச் செய்யும்போது ஒரு சுழற்சிக்கு 10 முதல் 15 சதவீதம் வரை கருத்தரிக்கலாம் என்று பொதுவாகச் சொல்லலாம். 40க்கு மேல் அது ஐந்து சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். இதைக் கேட்டதும் ‘இவ்வளவு குறைவா’ என்று தோன்றும். இயல்பான வாய்ப்பே மாதத்துக்கு ஒன்றிரண்டு சதவீதமாகச் சுருங்கிவிட்ட தம்பதிக்கு இது சிறிய விஷயமில்லை. 2018ல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள 201 தம்பதிகளில் ஒரு பாதிக்கு முட்டையைத் தூண்டும் மாத்திரையோடு மூன்று ஐயூஐ வரை செய்தார்கள், மறுபாதி அதே காலத்தில் தாமாகவே முயன்றது. குழந்தை பிறந்தது முதல் பிரிவில் 31 சதவீதம் பேருக்கு, இரண்டாவதில் 9 சதவீதம் பேருக்கு. அதேசமயம் பிரிட்டனின் 2013 வழிகாட்டுதல் காரணம் தெரியாதவர்களுக்கு ஐயூஐயை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2023 வழிகாட்டுதலோ முட்டையைத் தூண்டும் மருந்தோடு கூடிய ஐயூஐயை முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. இரண்டு மருத்துவர்கள் உங்களுக்கு இருவேறு ஆலோசனை சொன்னால் அவர்களில் ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிட வேண்டாம்.

என் கருத்து இது. பெண்ணுக்கு 35க்குக் கீழே, குழாய் திறந்திருக்கிறது, விந்தணு எண்ணிக்கை பரவாயில்லை என்றால் மூன்று அல்லது நான்கு ஐயூஐ செய்து பார்ப்பது பொருத்தம். அதற்குள் பலிக்காவிட்டால் அடுத்தடுத்த முயற்சிகளில் கிடைப்பது குறைவு. 38க்கு மேல் என்றால் கணக்கே வேறு. 38 முதல் 42 வயதுப் பெண்களிடம் நடந்து 2014ல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதல் இரண்டு சுழற்சிகள் முடிந்தபோது நேராக ஐவிஎஃப் செய்தவர்களில் 49 சதவீதம் பேர் கருத்தரித்திருந்தார்கள், ஐயூஐ செய்தவர்களில் ஐந்தில் ஒருவர்தான். இந்த வயதில் ஐயூஐயில் பல மாதம் செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஐவிஎஃப்பும் இக்சியும்

1978ல் இங்கிலாந்தில் பிறந்த முதல் ஐவிஎஃப் குழந்தையின் தாய்க்கு இருந்த பிரச்சினை கருக்குழாய் அடைப்பு. இன்றும் ஐவிஎஃப் மிகத் தெளிவாகப் பொருந்தும் இடம் அதுவே, ஏனென்றால் குழாயின் வேலையை அது முழுதாக ஆய்வகத்துக்கு மாற்றிவிடுகிறது. குழாயில் நீர் கோத்து வீங்கியிருந்தால் மட்டும் முதலில் அந்தக் குழாயை அகற்றவோ கருப்பையோடு சேருமிடத்தில் அடைக்கவோ வேண்டும். அந்த நீர் கருப்பைக்குள் கசிந்தால் வைத்த கரு ஒட்டும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

நடைமுறை இப்படிப் போகும். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, நடுவே பல ஸ்கேன்கள், கடைசியாக முட்டையை முதிரவைக்கும் ஒரு ஊசி, அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்துக்குள் மயக்கமருந்து கொடுத்து முட்டை எடுப்பது. ஆய்வகத்தில் கரு வளர்ந்து, மூன்றாம் அல்லது ஐந்தாம் நாள் கருப்பைக்குள் வைக்கப்படும். அதன்பிறகு இரண்டு வாரம் காத்திருப்பு, பலருக்கு அதுதான் மொத்தச் சிகிச்சையிலும் கடினமான பகுதி.

எண்ணிக்கை ஒவ்வொரு கட்டத்திலும் சுருங்கும் என்பதை முன்கூட்டியே யாராவது சொல்லிவிட்டால் பாதி அதிர்ச்சி குறையும். பத்து முட்டை எடுத்தால் எட்டு முதிர்ந்திருக்கலாம், ஐந்தாறு கருவுறலாம், ஐந்தாம் நாள்வரை வளர்வது இரண்டோ மூன்றோ. இது தோல்வியில்லை, இயல்பான அளவு.

வெற்றி விகிதம் வயதைப் பொறுத்து அவ்வளவு மாறுகிறது என்பதால் ‘எங்கள் மையத்தில் 70 சதவீதம்’ என்ற வகைப் பேச்சுக்கு அர்த்தமே இல்லை. சொந்த முட்டையில், 35க்குக் கீழே வைக்கும் கரு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று குழந்தையாகப் பிறக்கிறது. 43க்கு மேல் அது ஐந்து சதவீதத்துக்கும் கீழ். மையத்தில் கேட்க வேண்டியது: என் வயதுப் பெண்களில், ஊசி தொடங்கியவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீடு திரும்பினார்கள்? ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தவர்கள் கணக்கு வேறு, ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்தவர்கள் கணக்கு வேறு, குழந்தை பிறந்தவர்கள் கணக்கு வேறு.

இக்சி 1990களின் தொடக்கத்தில் வந்தது. ஒரு விந்தணுவை எடுத்து நேரடியாக முட்டைக்குள் செலுத்தும் முறை. விந்தணு மிகக் குறைவாக இருக்கும் ஆண்களுக்கு இது பெரிய கதவைத் திறந்தது. விந்தில் விந்தணுவே இல்லாதவர்களுக்குக்கூட பல சமயம் விந்தகத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்த முடிகிறது. ஆனால் விந்தணு நன்றாக இருக்கும்போதும் எல்லோருக்கும் இக்சி என்று சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. வியட்நாமில் விந்தணு எண்ணிக்கையும் அசைவும் இயல்பாக இருந்த 1,064 தம்பதிகளிடம் நடந்து 2021ல் வெளியான ஆய்வில் இக்சியில் 35, சாதாரண ஐவிஎஃபில் 31 சதவீதம் குழந்தை பிறந்தது. அந்த வேறுபாடு தற்செயலாக வரக்கூடிய அளவுதான். ஆகவே ‘எங்களுக்கு இக்சி எதற்கு’ என்று கேளுங்கள், முந்தைய முறை முட்டை கருவுறாமல் போனது போன்ற காரணம் இருந்தால் சரி.

ஆண் பக்கம்தான் குறை என்றாலும் ஊசியும் மயக்கமருந்தும் பெண்ணுக்குத்தான். இதனாலேயே ஆணிடம் சரிசெய்யக்கூடிய ஹார்மோன் குறையோ, கையில் தட்டுப்படும் அளவு வெரிகோசீலோ (விந்தகத்தைச் சுற்றிய ரத்தக்குழாய் வீக்கம்) இருக்கிறதா என்று முதலில் ஆண்களுக்கான நிபுணரிடம் பார்த்துவிடுவது நல்லது. அறுவைக்குப் பின் முன்னேற்றம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், மனைவியின் வயது அதற்கு இடம் கொடுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆபத்துகள், கூடுதல் சேவைகள்

ஐவிஎஃபின் முக்கியமான ஆபத்து சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படுவது. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கும் இளம் வயதினருக்கும் இது அதிகம். வயிறு உப்புவது, ஓரிரு நாளில் எடை கூடுவது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது என்றால் மறுநாள்வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைத் தவிர்க்கும் வழிகளில் ஒன்று எல்லாக் கருக்களையும் உறையவைத்துப் பின்னொரு மாதத்தில் வைப்பது. 2016ன் சீன ஆய்வில் பிசிஓஎஸ் உள்ள பெண்களிடம் அப்படிச் செய்தபோது இந்தச் சிக்கல் 7.1லிருந்து 1.3 சதவீதமாகக் குறைந்தது, குழந்தை பிறந்தவர்களும் 42லிருந்து 49.3 சதவீதமாகக் கூடினார்கள். ‘ஏன் தள்ளிப்போடுகிறார்கள்’ என்று கலங்குபவர்களுக்கு இதுவே பதில்.

இரண்டாவது ஆபத்து இரட்டைக் கர்ப்பம். இத்தனை வருஷம் காத்திருந்த பிறகு ‘இரண்டு வையுங்கள், ஒரே முறையில் முடியட்டும்’ என்று கேட்கத் தோன்றும், அந்த ஆசை புரிகிறது. ஆனால் குறைப்பிரசவம், தாய்க்கு ரத்த அழுத்தம், எடை குறைந்த குழந்தைகள் எல்லாம் இரட்டையரில் மிக அதிகம். நல்ல தரமான ஐந்தாம் நாள் கரு இருந்தால் ஒன்றை வைத்து மற்றதை உறையவைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

பட்டியலில் சேர்க்கப்படும் கூடுதல் சேவைகளிடம் எச்சரிக்கை தேவை. கருப்பை உட்சுவரைச் சுரண்டினால் கரு ஒட்டும் என்று நீண்டகாலம் நம்பினார்கள். 2019ல் 1,364 பெண்களிடம் நடந்த ஆய்வில், சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் குழந்தை பிறந்தது அதே 26.1 சதவீதம் பேருக்கு. கருவின் குரோமோசோம்களைப் பரிசோதிக்கும் பிஜிடி-ஏ மீதும் நிறைய நம்பிக்கை வைக்கப்படுகிறது. நல்ல கருக்கள் பல கிடைத்த 1,212 பெண்களிடம் நடந்த 2021ன் சீன ஆய்வில், பரிசோதித்த பிரிவில் 77.2, பரிசோதிக்காத பிரிவில் 81.8 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. தெரிந்த மரபணு நோய் குடும்பத்தில் இருந்தால் செய்யும் சோதனை வேறு, அதன் தேவையில் சந்தேகமில்லை.

எப்போது நிறுத்துவது, எப்போது முட்டையைத் தானமாகப் பெறுவது

முதல் ஐவிஎஃப் தோற்றால் அடுத்ததை அப்படியே திரும்பச் செய்யாமல், எந்தக் கட்டத்தில் இழப்பு நடந்தது என்று மருத்துவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். முட்டை குறைவாக வந்ததா, கருவுறவில்லையா, ஐந்தாம் நாள்வரை வளரவில்லையா, ஒட்டவில்லையா என்பதைப் பொறுத்து அடுத்த திட்டம் மாறும். எத்தனை முறை என்ற எல்லையைத் தொடங்குவதற்கு முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. தோல்விச் செய்தி வந்த வாரத்தில் அந்த முடிவை எடுக்க முடியாது.

தான முட்டையில் வெற்றி வாய்ப்பு பெறுபவரின் வயதைவிடக் கொடுப்பவரின் வயதையே சார்ந்திருக்கிறது. 43 வயதுப் பெண்ணுக்கு 27 வயதுப் பெண்ணின் முட்டை என்றால் வாய்ப்பு கிட்டத்தட்ட அந்த 27க்கானது. கர்ப்பகாலச் சிக்கல்கள் மட்டும் சுமப்பவரின் வயதோடு கூடும் என்பதால் இதய, ரத்த அழுத்தப் பரிசோதனைகள் அவசியம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், யார் கொடுக்கலாம், பெயர் தெரியலாமா, பிற்காலத்தில் குழந்தைக்குச் சொல்ல வேண்டுமா என்பதெல்லாம் முதலிலேயே விசாரிக்க வேண்டியவை. இந்த முடிவை எடுக்க மனத்துக்கு நேரம் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். கருப்பை நலமாக இருந்தால் ஓராண்டு யோசிப்பதால் தான முட்டையின் வாய்ப்பு பெரிதாகக் குறைவதில்லை. காலம் நெருக்குவது சொந்த முட்டையோடு செய்யும் முயற்சியைத்தான்.